அரைமணிக்கு ஒருமுறை

உட்ரெக்ட், நெதர்லாந்து,
ஜனவரி 19

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் கடிதம் வந்து இருபது நாளாகிறது. பொங்கலுக்குள் பதில் போட நினைத்து முடியாமல் போயிற்று, கோபித்துக்கொள்ளாதே. எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை. கீழ்வீட்டுப் பாட்டி கரண்டி நட்டால் நிற்கிற பதத்தில் பட்டாணி சூப் காய்ச்சி, என் வாசலில் வைத்துவிட்டுப் பேசாமல் போய்விடுவாள். இரண்டு நாளைக்கு அது போதும்.

தவளை முட்டையில் அப்படி என்னடா பார்க்கிறாய் என்று கேட்டிருந்தாய். ஆப்பிரிக்க நகத்தவளை முட்டை அம்மா, ஒன்றேகால் மில்லிமீட்டர், பொடிக்கடுகு அளவு. மேல்பாதி கருப்பு, கீழ்ப்பாதி வெளிர்மஞ்சள். கருவுற்ற கால்மணி நேரத்தில் தானே புரண்டு கருப்பு மேலே வந்துவிடும். 90 நிமிடத்தில் முதல் பிளவு, ஒரு செல் இரண்டாகும். அதற்குச் சற்று முன் உச்சியிலிருந்து அடிவரை மேற்பரப்பில் ஓர் அலை இறங்கும். பிறகு உச்சியில் கோடு விழும். கோட்டின் இருபுறமும் கொசுவம் வைத்த மாதிரி மெல்லிய சுருக்கங்கள். பள்ளம் ஆழமாக ஆக, உள்ளே புதுச்சவ்வு நிறமே இல்லாமல் வெளுப்பாகத் தெரியும். அக்கா மகள் பிறந்தபோது அவள் உள்ளங்கை அப்படித்தான் இருந்தது. அப்புறம் அரைமணிக்கு ஒரு பிளவு. அறைச் சூடு 23 டிகிரியில் நிற்க வேண்டும் என்பதால் ராத்திரியும் நானே இருந்துவிடுகிறேன். குளிரும் தெரிவதில்லை.

இந்தப் பிளவுக்கு, செல்லின் நடுவே மரபுப்பொருளை வைத்திருக்கும் உட்கருதான் எஜமான் என்று நினைத்திருந்தார்கள். 1980-ல் இதே ஊரில் வேலை பார்த்த ஹாரா என்ற விஞ்ஞானியும் கூட்டாளிகளும் உட்கரு இல்லாத முட்டைத்துண்டைப் படம் பிடித்தார்கள். அது பிளக்கவில்லை. ஆனால் பிளவு வரவேண்டிய கணக்குக்கு, விறைப்பதும் தளர்வதுமாக இருந்தது. நேற்று ராத்திரி நானும் அப்படி ஒரு துண்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பா போன பிறகும் நாலு மணிக்கு எழுந்து இரண்டு டம்ளர் காபி ஆற்றிவிடுகிறேன் என்று எழுதியிருந்தாயே, அது ஞாபகம் வந்தது. அதற்கு மேல் லென்ஸில் ஒன்றும் தெரியவில்லை அம்மா.

வாய்க்கால் தவளைச் சத்தம் கேட்க வேண்டும்போல் இருக்கிறது. இங்கே தொட்டியில் இருப்பவை தண்ணீருக்குள்ளேயே கத்துகின்றன.

சித்தப்பா களத்துமேட்டுப் பத்திரத்தை நீட்டினால் கையெழுத்துப் போடாதே, மாமா படித்துப் பார்க்கட்டும். சின்னவன் பீஸ் அடுத்த மாதம் முதல் வாரம் அனுப்புகிறேன். இந்த மாதம் சம்பளம் கொஞ்சம் தள்ளிப்போகிறது, வேறொன்றுமில்லை. மோட்டாருக்குக் காயில் கட்டியாயிற்றா? சின்னக்கா வளைகாப்புத் தேதியை உடனே எழுது.

உன் மகன்