மஞ்சள் விளக்கு மூன்று நிமிடம் எரிந்தால் பழுதல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோடைக்கால மின்சாதனப் பராமரிப்பு பற்றி உங்கள் ஞாயிறு இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். கரண்ட் வந்த பிறகும் ஃபிரிட்ஜ் ஸ்டெபிலைசர் உடனே வேலை செய்யாவிட்டால் அதை மாற்றிவிடுங்கள் என்று அதில் இருக்கிறது. திருமங்கலத்தில் 32 வருடமாக ரேடியோ, டிவி, ஸ்டெபிலைசர் பழுது பார்க்கிறவன் நான். இதைப் படித்துவிட்டு எத்தனை பேர் நல்ல பெட்டியைக் காயலான் கடையில் போடப் போகிறார்களோ என்று இருக்கிறது.

அந்தத் தாமதம் (டைம் டிலே) வேண்டுமென்றே வைத்தது. ஓடிய கம்ப்ரஸர் நின்றதும் உள்ளே ஒரு பக்கம் கேஸ் அழுத்தம் அதிகமாகவும் மறுபக்கம் குறைவாகவும் இருக்கும். இரண்டும் சமமாகச் சில நிமிடம் ஆகும். அதற்குள் கரண்ட் கொடுத்தால் மோட்டார் சுற்ற முடியாமல் முக்கி, கரண்ட்டை அள்ளி இழுத்து, அதன் கம்பிச்சுருள் சூடாகும். எங்கள் பக்கம் கரண்ட் போன இரண்டாவது விநாடியே திரும்பி வருவது சாதாரணம். அதனால்தான் மூன்று நிமிடம் போல மஞ்சள் விளக்கை எரியவிட்டுக் காக்க வைக்கிறார்கள்.

காக்க வைப்பது யார்? புதிய மாடல்களில் மைக்ரோ கன்ட்ரோலர். என் மேசைக்கு வரும் பழைய பெட்டிகள் பலவற்றில் எட்டுக் கால் ஐசி (சில்லு) ஒன்று: 555. நாங்கள் டிரிபிள் ஃபைவ் என்போம். ஹான்ஸ் காமன்சிண்ட் என்ற சுவிட்சர்லாந்துக்காரர் 1971இல் அமெரிக்காவின் சிக்னெட்டிக்ஸ் கம்பெனிக்காக வடிவமைத்தது; அடுத்த வருடம் விற்பனைக்கு வந்தது. உள்ளே கரண்ட்டை மட்டுப்படுத்தும் 5 கிலோ ஓம் ரெசிஸ்டர் மூன்று இருப்பதால்தான் இந்தப் பெயர் என்று நானும் பையன்களுக்குச் சொல்லி வந்தேன். காமன்சிண்ட் அப்படி இல்லை என்று சொல்லிவிட்டார்.

ஆனால் அந்த மூன்று ரெசிஸ்டரில்தான் சூட்சுமம். சப்ளை வோல்ட்டேஜை அவை மூன்று சம பங்காகப் பிரிக்கின்றன. வெளியே ஒரு ரெசிஸ்டர் வழியாக, மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும் கண்டன்சர் ஒன்று மெல்ல நிரம்பும். குழாயடியில் குடம் நிரம்புவது மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்றில் இரண்டு பங்கைத் தொட்டதும் ஐசி மாறும், ரிலே என்ற தானியங்கி சுவிட்ச் ‘டக்’ என்று விழும், ஃபிரிட்ஜுக்குக் கரண்ட் போகும். சப்ளை 12 வோல்ட் என்றால் 8இல் மாறும், 9 என்றால் 6இல். சப்ளை குறைந்தால் குழாயில் தண்ணீர் வரும் வேகமும் அதே அளவுக்குக் குறைகிறது, குடத்தில் போட்ட கோடும் இறங்கிவிடுகிறது. அதனால் நேரம் மாறாது! இத்தனை வருடத்துக்குப் பிறகும் எனக்கு இது அலுக்கவில்லை.

கணக்கும் எளிது. ரெசிஸ்டரையும் கண்டன்சரையும் பெருக்கி 1.1 மடங்கு எடுத்தால் விநாடி வரும். 330 கிலோ ஓம், 470 மைக்ரோ ஃபாரட் போட்டால் சுமார் 171 விநாடி.

இதே ஐசியை ஒரு முறையோடு நிற்காமல் நிரம்பி வடிந்து, நிரம்பி வடிந்து ஓடவும் விடலாம். எங்கள் தெரு மாரியம்மன் பொங்கலுக்கு நான் முதலில் செய்த ஓடும் விளக்கு அப்படித்தான்: 555 துடிப்பைக் கொடுக்கும், 4017 ஐசி பத்து விளக்கையும் வரிசையாக ஏற்றும். சரி, ஸ்டெபிலைசருக்கு வருகிறேன்.

போன மாதம் உசிலம்பட்டியிலிருந்து ஓர் அம்மா பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். மஞ்சள் விளக்கு அணையவே இல்லை. வேறொரு கடையில் போர்டே போச்சு, புதுப் பெட்டி வாங்குங்கள் என்றார்களாம். பார்த்தால் ஐசி நன்றாக இருக்கிறது, கண்டன்சர் கசிகிறது. ஓட்டைக் குடம் எப்போது நிரம்பும்? பத்து ரூபாய்க்குள் ஒரு கண்டன்சர் மாற்றினேன், ஓடுகிறது.

நான் அதிகம் பயப்படுவது இதற்கு நேர்மாறான பழுதுக்குத்தான். கண்டன்சர் வறண்டு கொள்ளளவு குறைந்தால் குடம் சொம்பாகிவிடும். மூன்று நிமிடம் ஐந்து விநாடியாகும். கரண்ட் வந்ததும் ஃபிரிட்ஜ் ஓடுகிறதே என்று வீட்டில் சந்தோஷப்படுவார்கள். உங்கள் கட்டுரைப்படி பார்த்தால் அதுதான் நல்ல ஸ்டெபிலைசர்!

எனவே ஒரு திருத்தம் வெளியிடுங்கள். ஸ்டெபிலைசரை அணைத்துச் சில நிமிடம் விட்டு மறுபடி போட்டு, கடிகாரத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். டைம் டிலே உள்ள பெட்டியில் இரண்டு மூன்று நிமிடம் ஆனால் கவலை வேண்டாம். சில விநாடியில் ஓடினாலோ, பத்து நிமிடமாகியும் மஞ்சள் அணையாவிட்டாலோ மெக்கானிக்கிடம் கொண்டுபோகலாம். வீட்டில் திறந்து பார்க்க வேண்டாம், உள்ளே 230 வோல்ட் இருக்கிறது.

இப்படிக்கு,
ஒரு ரேடியோ மெக்கானிக்,
திருமங்கலம், மதுரை மாவட்டம்