நாடகத்தில் என்ன கிடைக்கிறது என்று கேட்டாய்

குரோம்பேட்டை
ஞாயிறு இரவு

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. தங்கச்சிக்கு முழங்கால் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததைப் படித்ததும் ரொம்ப நிம்மதியாக இருந்தது. பிசியோதெரபியை மட்டும் பாதியில் விட்டுவிட வேண்டாம் என்று சொல். என் அக்கா வலி தாங்காமல் நிறுத்திவிட்டு இன்றைக்கும் மாடிப்படி ஏறச் சிரமப்படுகிறாள். இங்கே எல்லோரும் சௌக்கியம். பெரியவளுக்கு ஓசூருக்கு மாற்றல் வந்திருக்கிறது. வீடு பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

கடிதத்தின் கடைசியில் ஒரு கேள்வி கேட்டிருந்தாயே, அதற்குத்தான் பதில் எழுத உட்கார்ந்தேன். "ரிட்டயர் ஆனதிலிருந்து அந்த நாடகக் குழுவே கதி என்று இருக்கிறாயாமே, காசு கிடையாது, பேர் கிடையாது, அப்புறம் என்னதான் கிடைக்கிறது?" என்று. காசு இல்லை என்பது உண்மை. சபாவில் கொடுப்பது குட்டி யானை வண்டி வாடகைக்கும் மேக்கப்காரருக்கும் லைட்டுக்கும் சரியாகப் போய்விடும். குறைந்தால் நாங்களே பங்கு போட்டுக்கொள்வோம். அதைப் பற்றி யாரும் முணுமுணுத்து நான் கேட்டதில்லை.

முதலில் குழுவில் யார் யார் என்று சொல்கிறேன். டைரக்டர் ஒரு டெய்லர். ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர், கல்லூரியில் கெமிஸ்ட்ரி சொல்லித்தரும் ஒரு அம்மா, சாயங்காலம் இட்லிக் கடை போடும் ஒரு அக்கா, மெடிக்கல் ஷாப்பில் வேலை பார்க்கும் ஒரு பையன், இன்னும் சிலர். யோசித்துப் பார், இவர்களில் ஒருவரையாவது நம் வயதில் வேறு எந்த வழியாகவாவது நெருங்கிப் பழகியிருப்பேனா? பாங்க்கில் இருந்தவரை எனக்கு மேலே இருந்தவர்களையும் கீழே இருந்தவர்களையும்தான் தெரியும். இங்கே டெய்லர் "சார், அந்த வரியை இன்னொரு தடவை" என்றால் மறுபேச்சுப் பேசாமல் திரும்பவும் சொல்கிறேன். நாடகம் முடிந்ததும் சோபாவை நானும் அந்தப் பையனும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கி வண்டியில் ஏற்றுகிறோம்.

இப்போது போடும் நாடகத்தில் எனக்கு விவசாயி வேஷம். கடன் கேட்டு பாங்க்குக்கு வந்து பெஞ்சில் காத்திருக்கிற ஆள். இத்தனை காலம் கடன் மனுக்களைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டவன் நான். முதல் வாசிப்பிலேயே டைரக்டர் கேட்டார்: "சார், உங்களுக்குத்தானே தெரியும், கடன் கேட்டு வருகிறவர் கையை எங்கே வைத்துக்கொள்வார்?" கேட்ட மாத்திரத்தில் கண்ணுக்குள் எத்தனை பேர் வந்து நின்றார்கள் தெரியுமா! மஞ்சப்பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்திருப்பார்கள். பட்டா நகலும் சிட்டாவும் அதற்குள் இருக்கும். பேர் சொல்லிக் கூப்பிட்டால் உடனே எழுந்திருக்க வேண்டும் என்று பெஞ்சின் நுனியிலேயே உட்கார்ந்திருப்பார்கள். செருப்பை வாசலில் கழற்றிவிட்டு வந்தவர்களும் உண்டு. அத்தனையும் எனக்குள் எங்கோ கிடந்திருக்கிறது. எந்த ஃபைலிலும் அதற்கு ஒரு பத்தி கிடையாது. ரிட்டயர் ஆகும்போது சர்வீஸ் முழுவதையும் அந்தக் கட்டடத்திலேயே விட்டுவிட்டு வந்ததாகத்தான் நினைத்திருந்தேன். இப்போது பார்த்தால், வாழ்ந்த வாழ்க்கை முழுவதற்கும் மேடையில் ஒரு வேலை இருக்கிறது. இந்த ஒன்று போதும் என்று எனக்குத் தோன்றுகிறது.

இன்னொன்று, காது. நடிப்பு என்றால் பேசுவது என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். பாதிக்கு மேல் கேட்பதுதான். எதிரில் நிற்பவர் என்ன சொல்லப்போகிறார் என்று எனக்கு மனப்பாடமாகத் தெரியும். இருந்தாலும் இப்போதுதான் முதல் தடவை கேட்கிறேன் என்பதுபோல் கேட்க வேண்டும். கேட்காமல் என் வரிக்காகக் காத்துக்கொண்டு நின்றால் கடைசி வரிசையில் இருக்கிறவருக்குக்கூடத் தெரிந்துவிடும். இந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. பெரியவள் போனில் பேசும்போது முடிக்கும்வரை குறுக்கே பேசுவதில்லை. அவளும் முன்பைவிட அதிக நேரம் பேசுகிறாள்.

உனக்குப் பழைய கதைகள் பிடிக்கும் என்பதால் இதையும் எழுதுகிறேன். 1891-ல் சென்னையில் சுகுண விலாச சபையைத் தொடங்கியவர்களில் முன்னின்றவர் பம்மல் சம்பந்த முதலியார். அப்போது அவருக்குப் பதினெட்டு வயது. பெல்லாரியிலிருந்து ஒரு குழு வந்து தெலுங்கு நாடகம் போட்டதைப் பார்த்துதான் அவருக்கு அந்த ஆசை பிடித்தது. அதில் நடித்தவர்கள் வக்கீல்கள், உத்தியோகஸ்தர்கள் என்பதுதான் அவருக்குப் பெரிய ஆச்சரியம். நாடகக்காரனைக் கூத்தாடி என்று திண்ணையோடு நிறுத்திவைத்த காலம் அது. அவரும் பிறகு வக்கீலாகி, நீதிபதி வரை போனார், நாடகத்தை விடவில்லை. காங்கிரஸ் தலைவர் சத்தியமூர்த்திகூட அந்தச் சபையில் வேஷம் கட்டியவர்தான். அந்த வழி அறுபதுகளின் சபா நாடகம்வரை வந்தது. பாலசந்தர் ஏ.ஜி. ஆபீஸில், அதாவது அக்கவுண்டன்ட் ஜெனரல் அலுவலகத்தில், வேலை பார்த்துக்கொண்டே நாடகம் போட்டார். நாகேஷ் ரயில்வேயில் இருந்தார். இவர்களை எல்லோருக்கும் தெரியும். எனக்கு ஞாபகம் வருவதெல்லாம் அவர்கள் பக்கத்தில் நின்று நடித்துவிட்டு, முகத்து அரிதாரத்தைத் தேங்காய் எண்ணெய் போட்டுத் துடைத்துக்கொண்டு, மறுநாள் காலையில் அதே ஆபீஸுக்குப் போனவர்களை. சினிமா வாய்ப்புக்கு ஒரு படி என்று எண்ணி எங்கள் குழுவுக்கும் பையன்கள் வருகிறார்கள். அது தப்பில்லை. ஆனால் அப்படி வருகிறவர்கள் ஒத்திகைக்கு நேரத்துக்கு வருவதில்லை. அது எனக்குப் பிடிக்கவில்லை.

ஒரு விஷயத்தை உன்னிடம் சொல்லியே ஆக வேண்டும். போன ஐப்பசியில் மெடிக்கல் ஷாப் பையனின் அம்மா திடீரென்று தவறிவிட்டார். நல்ல மழை. சொந்தக்காரர்கள் எல்லாம் வெளியூர், வந்து சேர இரவாகிவிடும் என்றார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது எங்கள் ஆட்கள் முன்னமே வந்திருந்தார்கள். செட் போடுகிறவர் வாசலில் ஷாமியானா கட்டிக்கொண்டிருந்தார். லைட் பார்க்கிறவர் தெருமுனை வரை வயர் இழுத்து பல்ப் போட்டுவிட்டார். ரயில்வே கார்டு ஒரு நோட்டை வைத்துக்கொண்டு யாருக்குச் சொல்லியாயிற்று, யார் எந்த ரயிலில் வருகிறார்கள் என்று எழுதிக்கொண்டிருந்தார். இட்லிக் கடை அக்கா அன்றைக்குக் கடை போடவில்லை. வருகிறவர்களுக்கெல்லாம் காபி அவர் கையால். யாரும் யாருக்கும் எதுவும் சொல்லவில்லை. நாடகத்தன்று திரைக்குப் பின்னால் யார் எதைச் செய்வார்களோ, அதையே அங்கும் செய்தார்கள். கெமிஸ்ட்ரி அம்மாதான் எங்கள் பிராம்ப்டர். யாராவது வசனம் மறந்தால் மெதுவாக எடுத்துக்கொடுக்க, பக்கவாட்டில் ஸ்கிரிப்டும் டார்ச்சுமாக நிற்பவர். யாருக்கு எந்த வரியில் மூச்சு முட்டும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. அன்றைக்கு அவர் அந்தப் பையனுக்குப் பக்கத்திலேயே நின்றார். "கொஞ்சம் தண்ணி குடி." "இப்போ சித்தப்பாவுக்கு ஒரு போன் பண்ணிடு." அவனுக்கு மட்டும் கேட்கிற மாதிரி, ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே இருந்தார். அவனும் ஒவ்வொன்றாகச் செய்தான். நம் உத்தியோகத்தில் எத்தனை சாவு வீட்டுக்கு மாலையோடு போய் நின்றுவிட்டு வந்திருக்கிறோம்! இப்படி ஒன்றை நான் பார்த்ததில்லை.

வாராவாரம் கூடி, ஒரே காட்சியை அலுக்க அலுக்கத் திரும்பச் செய்வதில்தான் இது வளர்ந்திருக்கிறது. கைதட்டல் வேண்டாம் என்று சொல்லமாட்டேன். கோடை நாடக விழாக்களில் ஹால் நிறைந்து, தொங்கும் மைக்குக்கு அடியில் நின்று பேசும்போது வரிக்கு வரி கைதட்டல் வருமே, அந்தச் சந்தோஷம் ஒரு நாளைக்கு. ஒத்திகையின் சந்தோஷம் வருஷம் முழுக்க.

உனக்குப் பொழுது போகவில்லை, டிவி பார்த்துக் கண் வலிக்கிறது என்று எழுதியிருந்தாய். ஹாஸ்டலில் நீ பேப்பரை உரக்க வாசித்தால் பக்கத்து அறைக்காரர்கள் வந்து கதவோரம் நிற்பார்களே, அந்தக் குரல் இன்னும் இருக்கும் அல்லவா? கோயம்புத்தூரிலும் இப்படிக் குழுக்கள் இல்லாமல் இருக்காது, விசாரி. அதற்கு முன்னால், தங்கச்சி நன்றாக நடக்க ஆரம்பித்ததும் இரண்டு பேரும் இங்கே வந்து பத்து நாள் தங்குங்கள். மாடி அறை காலியாகத்தான் இருக்கிறது. தங்கச்சி படி ஏற வேண்டாம், கீழே எங்கள் அறையைக் கொடுத்துவிட்டு நாங்கள் மேலே போய்விடுகிறோம். நாடகம் நடக்கிற நாளில் வராதே, ஒத்திகை நடக்கிற நாளில் வா. ஞாயிறு மாலை நாலு மணிக்கு ஆரம்பிப்போம். இரண்டாவது காட்சியில் தபால்காரர் வேஷத்துக்கு இன்னும் ஆள் கிடைக்கவில்லை. நாலே வரி வசனம். டைரக்டரிடம் உன் பேரைச் சொல்லிவைத்திருக்கிறேன்.

எந்த ரயில் என்று எழுது.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்