சாத்தம் சதுக்க நிலையம் தானாக மறையவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நியூயார்க்கின் பழைய மேம்பால ரயில்களைப் பற்றி உங்கள் ஞாயிறு மலரில் வந்த கட்டுரையைப் படித்தேன். படங்கள் அருமை. ஆனால் சாத்தம் சதுக்க நிலையம் காலப்போக்கில் மறைந்துவிட்டதாக ஒரே வரியில் முடித்துவிட்டீர்களே, அதுதான் எனக்கு உறுத்துகிறது. தானாக எங்கே மறைந்தது, வாக்குறுதி கொடுத்துத்தானே இடித்தார்கள்!

மன்ஹாட்டனின் சைனாடவுன் பக்கம் 1878-ல் திறந்த நிலையம் அது. இரண்டாம் அவென்யூ, மூன்றாம் அவென்யூ ரயில்கள் இரண்டும் அங்கே வந்து சேர்ந்தன. அதற்காக அதைச் சொர்க்கம் என்று சொல்ல வரவில்லை. பாலத்துக்கு அடியில் பட்டப்பகலிலும் வெளிச்சம் குறைவு, நீராவி எஞ்சின் ஓடிய காலத்தில் நடப்பவர் தலையில் சாம்பலும் எண்ணெயும் விழும், சத்தத்தைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். இதை எடுத்துவிட்டுச் சுரங்க ரயில் விடுகிறோம் என்றால் யார்தான் வேண்டாம் என்பார்கள்?

1942-ல் இரண்டாம் அவென்யூ ரயில் நின்றது. இரண்டாம் அவென்யூவில் சுரங்க ரயில் வரும் என்று நம்பி, 1951-ல் 50 கோடி டாலர் கடன் பத்திரத்துக்கு மக்கள் ஓட்டுப் போட்டார்கள். அந்தப் பணத்தில் பெரும்பகுதி ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த ரயில்களைச் சீர்படுத்தப் போய்விட்டது. சரி, அதுவும் தேவைதான். ஆனால் புதிய சுரங்கத்துக்கு ஒரு அடிகூடத் தோண்டாமல் 1955 மே 12 அன்று மூன்றாம் அவென்யூ ரயிலையும் நிறுத்தி, பாலத்தையும் நிலையங்களையும் பிரித்து எடுத்துவிட்டார்களே, அதற்கு என்ன அவசரம்? இரும்பு இறங்கியதும் அந்தத் தெருவில் நிலத்தின் விலை ஏறியது, அடுக்குமாடிகள் எழும்பின. அவசரப்பட்டது யார் என்று இதிலேயே ஓரளவு தெரிந்துவிடும். (பிராங்க்ஸ் பகுதியில் மிச்சமிருந்த துண்டு 1973 வரை ஓடியது, அப்புறம் அவர்களுக்குக் கிடைத்தது பஸ்தான்.)

1972-ல் ஒருவழியாகத் தோண்ட ஆரம்பித்தார்கள். 1975-ல் நகரமே திவாலாகும் நிலைக்கு வந்ததால் வேலை நின்றது. இதில் கொடுமை என்னவென்றால், அப்போது தோண்டிய துண்டுகளில் ஒன்று இதே சாத்தம் சதுக்கத்தை ஒட்டி இன்றும் மண்ணுக்கடியில் ரயில் ஓடாமல் காலியாகக் கிடக்கிறது. மேலே இருந்ததும் போச்சு, கீழே வரவேண்டியதும் வரவில்லை.

கடைசியில் 2017 ஜனவரி 1 அன்று இரண்டாம் அவென்யூ சுரங்க ரயில் ஓடியது, ஏறக்குறைய 450 கோடி டாலர் செலவில், 3 புதிய நிலையங்களுடன். அந்த மூன்றும் வடக்கே, 72-வது தெருவிலிருந்து 96-வது தெரு வரை. அடுத்த கட்டம் இன்னும் வடக்கே ஹார்லெம் நோக்கிப் போகிறது. சாத்தம் சதுக்கத்தின் பெயர் நான்காவது கட்டத்தில், அதாவது கடைசியில்தான் இருக்கிறது.

அடுத்த முறை அந்த நிலையத்தின் படத்தைப் போட்டால், அடியில் 1955, 2017 என்ற இரண்டு ஆண்டுகளையும் சேர்த்து அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
நியூயார்க்