பெட்டியும் சட்டியும்

லாஸ் பான்யோஸ், பிலிப்பைன்ஸ்,
ஜனவரி 5

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் டிசம்பர் நடுவில் வந்தது. தஞ்சாவூருக்கே திரும்பிவிட்டேன், வாய்க்காலில் தண்ணீர் ஓடுகிறது, அம்மா கையால் வத்தக்குழம்பு கிடைக்கிறது, ஆனாலும் இரவு பதினொரு மணிக்கு இளந்தேங்காய் வைத்துச் சுட்ட புக்கோ பை ஞாபகம் வந்து தூக்கம் போகிறது, இது என்ன வியாதி என்று கேட்டிருந்தாய். இங்கே இருந்தபோது அதே வத்தக்குழம்புக்காக நீ செய்த அட்டகாசம் அம்மாவுக்குத் தெரியுமா? நீ மிளகாய் தாளித்த நெடியில் மேல்வீட்டுக்காரர் இருமிக்கொண்டே வந்து, எங்கே தீப்பிடித்தது என்று கேட்டாரே, அதையாவது சொல்லியிருக்கிறாயா?

புக்கோ பை சௌக்கியமாக இருக்கிறது. டிசம்பர் 20 தாண்டியதும் நெடுஞ்சாலைக் கடைகளில் வழக்கமான நீள வரிசை தொடங்கிவிட்டது. வெந்நீர் ஊற்று விடுதிகளில் குளிக்க வந்த மணிலாக்காரர்கள், போகும்போது சூடான அட்டைப்பெட்டிகளை மடியில் வைத்துக்கொண்டு போகிறார்கள். நீ கடைசியாக இங்கே கொண்டாடிய 2022 கிறிஸ்துமஸ் மாதிரி இல்லை இந்த வருஷம். அப்போது வெங்காயம் கிலோ 700 பெசோவைத் தொட்டு, நாம் சாம்பாரைச் சின்ன வெங்காயமும் இல்லாமல் பெரிய வெங்காயமும் இல்லாமல் வைத்தோம். இப்போது வெங்காயம் கைக்கு எட்டுகிறது. பக்கத்து வீட்டு முருங்கை வழக்கம்போலக் காய்த்துத் தொங்குகிறது. கீரையை மட்டும் உருவிக் கோழி ரசத்தில் போட்டுக்கொள்கிறார்கள், காயை யாரும் சீண்டுவதில்லை. வடக்கே இலோகோஸ்காரர்கள் காயும் தின்பார்களாம். அவர்கள் யாரும் எங்கள் தெருவில் இல்லாதது என் பாக்கியம்.

கிறிஸ்துமஸுக்கு நான் லாஸ் பான்யோஸில் இல்லை. விதைக் கிடங்கில் வேலை பார்க்கும் அக்கா, உணவுக்கூடத்தில் பச்சைமிளகாயைக் கடித்துக்கொண்டே சாப்பிடுவாரே, அவர், "நீ இத்தனை வருஷம் இருந்து எங்கள் ஊரைப் பார்க்காமல் போனால் நான் உன்னோடு பேசமாட்டேன்" என்று சொல்லிவிட்டார். ஊர், பிக்கோல் பகுதியில் ஆல்பாய் மாகாணத்துக் காமாலிக். மாயோன் எரிமலையின் அடிவாரம். பிலிப்பைன்ஸில் நம்மைப் போலக் காரம் தின்கிற ஊர் ஒன்று உண்டென்றால் அது பிக்கோல்தான். தேங்காய்ப்பாலும் மிளகாயும் இல்லாமல் அங்கே அடுப்பு பற்றுவதே இல்லை.

புறப்படுவதற்கு முன் விடியற்காலைப் பூசைக்கும் போய்வந்தேன். டிசம்பர் 16 முதல் 24 வரை ஒன்பது நாளும் காலை நான்கு மணிக்குக் கோயில் நிரம்பி வழிகிறது. எனக்குப் பூசையில் பாதி புரியவில்லை. வாசலில் விற்கும் புத்தோ பும்போங் முழுதும் புரிந்தது. ஊதா நிற அரிசி மாவை மூங்கில் குழாயில் அடைத்து ஆவியில் வேகவைத்துத் தள்ளுகிறார்கள், அப்படியே நம் குழாய்ப் புட்டு. மேலே வெண்ணெய், தேங்காய்த் துருவல், நாட்டுச் சர்க்கரை. பக்கத்திலேயே பிபிங்கா என்ற அரிசி அப்பம், மேலும் கீழும் கரி நெருப்பு, நடுவில் வாழையிலை விரித்த மண்சட்டி. அதன்மேல் உப்பில் ஊறிய வாத்து முட்டையை வைக்கும் பழக்கத்தை மட்டும் என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.

22ஆம் தேதி இரவு கலம்பாவில் துர்பினா நிறுத்தத்தில் நின்றோம். மணிலாவிலிருந்து பிக்கோல் போகும் பஸ்கள் பெரும்பாலும் அந்த வழியாகத்தானே வருகின்றன. ஊருக்குப் போகிறவர்கள் கையில் அட்டைப்பெட்டி, மின்விசிறி, ஒருவர் தோளில் மெத்தை. ஆண்டுக் கடைசியில் கூடுதலாகக் கொடுக்கும் பதின்மூன்றாவது மாதச் சம்பளம் எல்லார் பையிலும் இருந்தது. 1975இல் அதிபர் மார்கோஸ் போட்ட ஆணை அது, டிசம்பர் 24க்குள் கொடுத்தாக வேண்டும். அது எத்தனை நாள் பையில் தங்கும் என்பது ஞானப்பிள்ளைகளின், அதாவது ஞானஸ்நானத்தில் தாங்கி நின்ற பிள்ளைகளின், எண்ணிக்கையைப் பொறுத்தது. அக்காவுக்கு ஊரில் ஞானப்பிள்ளைகள் ஒரு வகுப்பறை அளவுக்கு இருக்கிறார்கள். புது நோட்டாக மாற்றி, உறை உறையாகப் போட்டு வைத்திருந்தார்.

லுசேனா தாண்டி அதிமோனான் மலைப்பாதையில் கோழிக்குடல் என்று பெயர் வைத்த வளைவுச் சாலை உண்டல்லவா, எங்கள் பஸ் அதைவிட்டு மாற்றுச் சாலையில் போனது. அதற்குப் பிறகுதான் வேடிக்கை. கெசோன் மாகாணம் முடிந்து காமரினெஸ் சுர் தொடங்கும் இடத்தில் சாலை பாதிக்குமேல் குழி, மீதியில் பராமரிப்பு வேலை. விடியும்போது நாகாவில் இருக்கவேண்டிய பஸ், விடியும்போது வெள்ளரிக்காய் விற்பவனுக்குப் பக்கத்தில் அசையாமல் நின்றது. யாரும் ஓட்டுநரிடம் சண்டை போடவில்லை, அரசாங்கத்தைத் திட்டவும் இல்லை. வீட்டுக்குப் போன் போட்டு, வந்துகொண்டே இருக்கிறோம், அடுப்பை அணைக்காதீர்கள் என்று சொல்லிவிட்டு மறுபடி தூங்கினார்கள். தீபாவளிக்கு முதல்நாள் பெருங்களத்தூரில் இந்த மாதிரி நின்றிருந்தால் நாம் பஸ்ஸுக்குள்ளேயே ஒரு பொதுக்கூட்டம் நடத்தியிருப்போம். அவர்கள் பொறுமையை நான் முழுக்கப் பாராட்டுகிறேன் என்று நினைக்காதே. சாலை அப்படியே கிடப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

நாகா வந்ததும் அக்கா லெகாஸ்பி வரை எடுத்த டிக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டே இறங்கிவிட்டார். காரணம் கினாலாஸ். மாட்டுத்தலையிலிருந்து வழித்தெடுத்த இறைச்சி, நூடுல்ஸ், மேலே கெட்டியான பழுப்புக் குழம்பு, அவித்த முட்டை. அது வேறெங்கும் இப்படிக் கிடைக்காதாம். தொட்டுக்கொள்ள, ஆவியில் வேகவைக்காமல் அடுப்பில் சுட்ட பழுப்பு நிற சியோபாவ் என்ற பூரண ரொட்டி, அதுவும் அந்தப் பக்கத்துச் சொத்து. நான் இறைச்சியை அவர் பக்கம் தள்ளிவிட்டு நூடுல்ஸும் முட்டையும் தின்றேன். மீதித் தூரம் வேனில். இத்தனைக்கும் அக்காவின் அம்மா வீட்டில் அடுப்பை அணைக்காமல் காத்திருந்தார்.

இனி அந்த அம்மாவின் சமையலுக்கு வருகிறேன். காமாலிக் என்றாலே பினாங்காட். சேம்பு இலை. நாம் கிழங்கைத் தோண்டிக்கொண்டு இலையை விட்டுவிடுகிறோமே, அதேதான். நறுக்கிய இளம் இலை, இஞ்சி, வெங்காயம், மிளகாய், இறால் அல்லது கருவாட்டுத் துண்டு எல்லாவற்றையும் முழு இலைகளில் பொட்டலமாக மடித்து, தென்னங்கீற்று நாரால் இறுக்கிக் கட்டி, சட்டியில் அடுக்கித் தேங்காய்ப்பால் ஊற்றிச் சிறு தீயில் வைக்கிறார்கள். அவசரப்பட்டால் தொண்டை அரிக்கும். அதே இலையைக் காயவைத்துப் பாலில் போட்டால் லாயிங். அது கொதித்து அடங்கும்வரை கரண்டியை உள்ளே விடக்கூடாது, கிளறினால் அரிக்கும் என்று அந்த அம்மா என் கையில் இருந்த கரண்டியைப் பிடுங்கி வைத்துவிட்டார். பால் வற்றி எண்ணெய் பிரிந்து இலை கருத்து வருகிற பதம்தான் ருசி. உலகம் முழுக்க பிக்கோல் எக்ஸ்பிரஸ் என்ற பெயரில் விற்கிறார்களே, பன்றி இறைச்சியும் மிளகாயும் போட்டது, அந்தப் பெயர் மணிலாவில் மலாத்தே பக்கத்து உணவகத்தில் பிறந்ததாம், மணிலாவுக்கும் லெகாஸ்பிக்கும் ஓடிய ரயிலின் பெயரை வைத்து. அந்த அம்மாவுக்கு அதில் அக்கறை இல்லை. "ரயிலும் இப்போது மணிலாவரை போவதில்லை, பெயர் மட்டும் ஓடுகிறது" என்றார்.

24 நள்ளிரவு. பூசை முடிந்து மேசையில் ஹாம், சிவப்பு மெழுகு பூசிய உருண்டைப் பாலாடைக்கட்டி, சர்க்கரை போட்ட ஸ்பாகெட்டி (ஆமாம், இன்னும் சர்க்கரைதான்), நடுவில் பினாங்காட் சட்டி. மூலையில், இன்னும் பிரிக்காத பெரிய பெட்டி. அக்காவின் தம்பி எண்ணெய்க் கப்பலில் வேலை பார்க்கிறான். கிறிஸ்துமஸுக்கு வந்து சேரட்டும் என்று செப்டம்பரிலேயே கடல் வழியாக அனுப்பிவிட்ட பெட்டி. டப்பா இறைச்சி, சாக்லேட், சோப்பு, துண்டு, எல்லார் கால் அளவுக்கும் செருப்பு. சோப்பின் வாசனை வீடு முழுக்க.

அவன் வீடியோவில் வந்தான். ஏதோ துறைமுகத்துக்கு வெளியே நங்கூரம் போட்டு நிற்கிறார்களாம். பெட்டி வந்ததைப் பார்க்க விரும்புகிறான் என்று நினைத்து அம்மா போனைப் பெட்டிப் பக்கம் திருப்பி, ஒவ்வொரு சாக்லேட்டாகத் தூக்கிக் காட்டினார். அவன் கத்துகிறான்: "அம்மா, சட்டியைக் காட்டு, சட்டியை!" குழந்தைகளோ சட்டிப் பக்கம் திரும்பவே இல்லை, பெட்டிக்குள் தலையை விட்டுக்கொண்டு கிடந்தார்கள். ஊரில் இருப்பவர்களின் ஆசை பெட்டிக்குள், பெட்டியை அனுப்பியவனின் ஆசை சட்டிக்குள். கடைசியில் அம்மா ஒரு பொட்டலத்தைப் பிரித்துப் போனுக்கு நேராகப் பிடித்தார். அவன் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இந்த முறை மிளகாய் குறைவு" என்றான். அந்த அம்மா அடைந்த கோபத்தை நீ பார்த்திருக்க வேண்டும்.

சாப்பிட்டு முடித்தபின் 2016 கிறிஸ்துமஸ் பற்றிப் பேச்சு வந்தது. நீனா என்று இங்கே பெயர் வைத்த புயல், டிசம்பர் 25 அன்றே கத்தன்துவானெஸ் தீவில் பாதோ என்ற இடத்தில் கரையேறியது. பண்டிகைச் சாப்பாட்டை விட்டுவிட்டு முகாமுக்கு வரமாட்டோம் என்று ஜனங்கள் பிடிவாதம் பிடிக்க, காமரினெஸ் சுர் மாகாண ஆளுநர், முகாமில் சுட்ட பன்றி விருந்து உண்டு, வந்துவிடுங்கள் என்று ட்விட்டரில் அறிவித்தார். வெளிநாட்டுப் பத்திரிகைகள் இதைச் சிரிப்புச் செய்தியாகப் போட்டன. அக்காவின் சித்தி குடும்பம் அந்த மாகாணம். அவர்களுக்கு அதில் சிரிக்க ஒன்றுமில்லை. வருஷம் முழுக்கச் சேர்த்த காசில் சமைத்ததை மேசைமேல் விட்டு எழுந்து போவது லேசான காரியம் இல்லை, அது அந்த ஆளுநருக்குப் புரிந்திருந்தது என்கிறார் அக்கா. எனக்கும் அப்படித்தான் படுகிறது.

இதையெல்லாம் படித்து, ஆகா, என்ன குடும்பம், என்ன ஊர் என்று நீ உருகுவாய். உருகாதே. மறுநாள் தெருவில் நடந்தேன். புது வர்ணம் அடித்த இரண்டு மாடி வீடுகள், ஓடு மாற்றிய வீடுகள், பாதிக்குமேல் கத்தாரிலும் கப்பலிலும் சம்பாதித்தவை. உள்ளே ஒரு பாட்டி, இரண்டு பேரப்பிள்ளைகள். வெளிநாட்டில் இருப்பவர்கள் இந்த நாட்டுக்கு அனுப்பும் பணம் ஆண்டுக்கு 3,000 கோடி டாலருக்கு மேல். அந்த வீடுகளின் மாடியறைகளில் கிறிஸ்துமஸ் சமயத்தில் இரண்டு வாரம் விளக்கு எரியும், பிறகு துணி காயப்போடுவார்கள். நட்சத்திர விளக்குகளும் அலங்காரமும் அழகுதான், அதை யார் இல்லை என்றார்கள்? தகப்பன் முகத்தைக் கண்ணாடித் திரையில் தடவிப் பார்த்த ஒரு பையனைப் பக்கத்து வீட்டில் பார்த்தேன், அதற்குப் பிறகு எனக்கு அலங்காரத்தில் மனம் செல்லவில்லை.

புத்தாண்டுக்கு முதல்நாள் இரவு, ஊர் வழக்கப்படி பன்னிரண்டு வகை உருண்டைப் பழம் தேடிச் சந்தையில் அலைந்தோம். பதினொன்றுதான் கிடைத்தது, கடைசியில் கலமான்சி எலுமிச்சையைத் தூக்கித் தட்டில் வைத்துக் கணக்கை முடித்தார் அக்கா. நடு இரவில் குழந்தைகள் உயரமாக வளர வேண்டும் என்று குதித்தார்கள். என்னையும் குதிக்கச் சொன்னார்கள். இனி எங்கே வளர்வது, குதித்தேன். மறுநாள் புறப்படும்போது மாயோன் முழு முகம் காட்டியது, அதுவரை மேகத்துக்குள் இருந்துவிட்டு.

உன் வியாதிக்கு வருகிறேன். பழைய நாள்களின் ஏக்கம், இழந்த இளமை என்றெல்லாம் பெரிதாக எண்ணிக்கொள்ளாதே. கப்பலில் இருக்கிற அந்தப் பையனுக்குத் தத்துவம் ஒன்றும் இல்லை, அவனுக்குப் பினாங்காட் தின்ன வேண்டும். உனக்குப் புக்கோ பை தின்ன வேண்டும். அவனாவது நடுக்கடலில் நிற்கிறான், நீ தென்னந்தோப்புக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டு எனக்குக் கடிதம் எழுதுகிறாய். அக்காவிடம் கேட்டு வாங்கிய முறை இதோ. நாம் கரண்டியால் வழித்துத் தின்னும் இளம் வழுக்கை வேண்டாம், அது கரைந்துவிடும். ஒரு படி முற்றிய வழுக்கை வேண்டும், இங்கே அதைச் சோற்றுப் பதம் என்கிறார்கள். அதைப் பட்டை பட்டையாகச் சுரண்டி, இளநீர், சர்க்கரை, கொஞ்சம் பாலில் சோளமாவு கரைத்து ஊற்றிக் கெட்டியாகும்வரை கிளறி, நன்றாக ஆறவிடு. மைதாவில் குளிர்ந்த வெண்ணெயைப் பிசறி, ஐஸ் தண்ணீர் தெளித்து இரண்டு வட்டமாகத் தேய்த்துக்கொள். ஒன்று அடியில், ஒன்று மேலே, மேலே முள்கரண்டியால் நாலு குத்து. அண்ணன் வீட்டில் ஓவன் இருக்கிறதே, 200 டிகிரியில் மேல்பக்கம் சிவக்கும்வரை வை. பூரணம் ஆறாமல் வைத்தால் அடிமாவு களி ஆகிவிடும், அதில் மட்டும் அவசரம் கூடாது.

பொங்கலுக்கு வருகிறாயா என்று கேட்டிருந்தாய். வரவில்லை. நாற்றங்கால் வேலை இப்போதுதான் தொடங்குகிறது, ஏப்ரலில் பார்க்கலாம். பிப்ரவரியில் கோயம்புத்தூரிலிருந்து பயிற்சிக்கு வந்திருக்கும் பெண் ஊர் திரும்புகிறார், அவரிடம் உனக்கு பிக்கோலில் விளையும் பிலி பருப்பு கொடுத்தனுப்புகிறேன், சர்க்கரை பூசியதும் பூசாததும். அக்காவின் அம்மா உறையவைத்த பினாங்காட்டையும் அனுப்பச் சொன்னார். விமான நிலையத்தில் அதை யார் விளக்குவது என்று மறுத்துவிட்டேன். உன்னிடமிருந்து யாராவது இந்தப் பக்கம் வந்தால், இட்லிப்பொடி வேண்டாம், ஏற்கெனவே நாலு பேர் அனுப்பியது அலமாரியில் கிடக்கிறது. செக்கில் ஆட்டிய நல்லெண்ணெய் மட்டும் போதும், மூடியை மெழுகு வைத்து அடைத்து அனுப்பு. அம்மாவுக்கு என் வணக்கம்.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்