ஹகி நகரைப் பற்றி ஒரு கடிதம்

அன்புள்ள நண்பர் கதிரேசன் அவர்களுக்கு,

வணக்கம். இங்கு அனைவரும் நலம். உங்கள் கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்ததில் பெரும் நிம்மதி. ஜப்பானில் கியோட்டோவைத் தவிர வேறு எங்கு போகலாம் என்று கேட்டிருந்தீர்கள். தயங்காமல் ஹகிக்குப் போங்கள் என்பேன்.

யமகுச்சி மாநிலத்தின் வடகரையில், ஜப்பான் கடலை ஒட்டிய சிறிய நகரம் அது. ஆபு ஆறு கடலை நெருங்குகையில் மட்சுமோட்டோ, ஹாஷிமோட்டோ என இரண்டாகப் பிரிகிறது. அவற்றுக்கு நடுவே படிந்த வண்டல் திட்டில்தான் பழைய ஊர் இருக்கிறது. கடல்முனையில் 143 மீட்டர் உயரமுள்ள ஷிசுகி மலை நிற்கிறது. இவ்வளவு ஒதுக்குப்புறமான இடத்தை எந்தச் சிற்றரசனும் விரும்பித் தலைநகராக்கியிருக்க மாட்டான். 1600ஆம் ஆண்டு செகிகஹாரா போரில் தோற்ற அணியின் தலைவராக இருந்த மோரி தெருமோட்டோ, ஹிரோஷிமா உட்படத் தம் நிலத்தின் பெரும்பகுதியைப் பறிகொடுத்து, எஞ்சிய இரண்டு மாகாணங்களோடு இங்கு வந்து, 1604இல் அம்மலையடிவாரத்தில் கோட்டை கட்டத் தொடங்கினார்.

அந்தப் போரில் வென்று ஜப்பானை ஆண்ட தொகுகாவா ஷோகுன்களின் ஆட்சியைக் கவிழ்த்தவர்களில் பலர் இதே ஊரிலிருந்து புறப்பட்டவர்கள் என்பதுதான் வேடிக்கை. யோஷிதா ஷோயின் என்ற இளைஞர் 1854இல் அமெரிக்கக் கப்பலில் ஏறி வெளிநாடு செல்ல முயன்று சிறைப்பட்டார். பின்னர் இங்கு ஷோகா சொன்ஜுகு என்னும் சிறிய பள்ளியில் பாடம் சொன்னார். 1859இல் அவருக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. அவரிடம் பயின்ற இத்தோ ஹிரொபுமி 1885இல் ஜப்பானின் முதல் பிரதமரானார்.

ஆனால் வெற்றியால் ஊருக்கு விளைந்த நன்மை சொற்பமே. கடற்கரைத் தலைநகருக்குப் பாதுகாப்பில்லை என்று 1863இல் ஆட்சியை உள்நாட்டு யமகுச்சிக்கு மாற்றிவிட்டார்கள். 1874இல் கோட்டையைப் பிரித்துவிட்டார்கள். அரசு தந்துவந்த படி நின்றுபோன சாமுராய்ப் போர்வீரர் குடும்பங்கள் திண்டாடின. 1876இல் இங்கு ஒரு கிளர்ச்சியே வெடித்து அடக்கப்பட்டது. அதே ஆண்டு முதல், பிழைப்புக்கு வழியாக, நட்சுமிக்கான் என்னும் புளிப்பு நாரத்தை வகையைக் காலி மனைகளில் நடத் தொடங்கினார்கள். பகைவரைத் தடுக்க எழுப்பிய மண்சுவர்கள் மரங்களுக்குக் கடற்காற்றைத் தடுத்தன. அதனால்தான் அவற்றை யாரும் இடிக்கவில்லை என்பது என் எண்ணம். எதிரே வருபவர் கண்ணில் படாதபடி சட்டென்று ஒடிந்து திரும்பும் சந்துகள் இன்றும் அப்படியே இருக்கின்றன. சுவருக்கு மேலே மஞ்சள் பழங்கள் எட்டிப் பார்க்கின்றன. ரயில் பாதையும் திட்டுக்குள் நுழையாமல் அதைச் சுற்றியே போடப்பட்டது. ஷோகுன்கள் ஆண்ட எடோ காலத்து வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டே இங்கு வழி கண்டுபிடிக்கலாம் என்று ஊரார் பெருமையாகச் சொல்வார்கள்.

வருவதானால் மே மாதம் வாருங்கள். நாரத்தைப் பூ மணக்கும் காலம். ஹகி நிலையத்தைவிட ஹிகாஷி ஹகியில் இறங்குவது நல்லது, அங்கிருந்து ஷோயினின் பள்ளிக்கு நடந்தே போய்விடலாம். அந்தப் பாதையில் ரயில்கள் குறைவு. நேரத்தை முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
இராமநாதன்