கடையைக் கட்டியவர்கள் நாங்கள் அல்லர்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உலக எய்ட்ஸ் நாளையொட்டித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரையில், ‘வெளிநாட்டுப் பணம் நின்றதும் தொண்டு அமைப்புகள் கடையைக் கட்டிவிட்டன’ என்று ஒரு வரி இருந்தது. இருபது ஆண்டுகளாகத் தங்கள் இதழ் வரும் வீடு எங்களுடையது. அந்த வரியைப் படித்த பிறகு அன்றைய நாளிதழின் மற்ற பக்கங்களைப் புரட்ட எனக்கு மனம் வரவில்லை.

என் கணவர் லாரி ஓட்டுநர். 2001-ல் அவர் இறந்த பிறகுதான் எனக்கும் எச்.ஐ.வி. தொற்று இருப்பது தெரிந்தது. 2004 ஏப்ரலில் அரசு இலவசக் கூட்டு மருந்தைத் தொடங்கியபோது, நாமக்கல்லிலிருந்து இரவுப் பேருந்தில் தாம்பரம் சானடோரியம் அரசு மருத்துவமனைக்கு என்னை அழைத்துச் சென்றவர் எச்.ஐ.வி. உள்ளோர் சங்கத்தின் களப்பணியாளரான ஓர் அக்கா. அவரும் அதே மருந்தைச் சாப்பிடுபவர். மாத்திரைப் புட்டியில் ஒட்டியிருக்கும் சீட்டை ஈரத்துணியால் ஊறவைத்து உரித்துவிட வேண்டும், பேருந்து குலுங்கும்போது உள்ளே சத்தம் கேட்காமலிருக்கப் பஞ்சு அடைத்துக்கொள்ள வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தவர் அவர்தான். அந்தப் பஞ்சு இல்லாதிருந்தால், மாமியார் வீட்டில் எவர் காதிலாவது விழுந்துவிடுமோ என்ற பயத்திலேயே நான் மருந்தை விட்டிருப்பேன். பிறகு நானும் அதே சங்கத்தில் களப்பணியாளராகப் பதினான்கு ஆண்டுகள் வேலை செய்தேன். இதைத்தான் தங்கள் கட்டுரையாளர் கடை என்கிறார்.

பணம் எங்கிருந்து வந்தது, எப்படி நின்றது என்பது தாங்கள் அறியாததல்ல. 1986-ல் நாட்டிலேயே முதன்முதலாகத் தொற்று கண்டறியப்பட்டது சென்னையில்தான். 1994-ல் மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் அமைந்தது. மறு ஆண்டே அமெரிக்க நிதியுதவியுடன் எய்ட்ஸ் தடுப்புக்கான ஏபேக் திட்டம் தொடங்கியது. அந்நாளில் பெரிய நிறுவனங்கள் வெளிநாட்டு நிதியைப் பெற்று, அதில் ஒரு பகுதியை எங்களைப் போன்ற மாவட்டச் சங்கங்களுக்குப் பகிர்ந்தளித்தன. 2020 செப்டம்பரில் வெளிநாட்டு நிதி ஒழுங்குமுறைச் சட்டம் திருத்தப்பட்டு, அப்படி ஓர் அமைப்பு இன்னோர் அமைப்புக்குப் பணம் மாற்றுவதே தடை செய்யப்பட்டது. நிர்வாகச் செலவுக்கான உச்சவரம்பும் ஐம்பது விழுக்காட்டிலிருந்து இருபதாகக் குறைந்தது. 2025 ஜனவரியில் அமெரிக்கா தன் உதவியை நிறுத்தி வைத்ததைப் பற்றி நான்கு பத்தி எழுதியவர், எங்கள் சங்கத்துக்கு வரும் பணம் அதற்கு நான்கு ஆண்டுகள் முன்பே நம் நாட்டுச் சட்டத்தால் நின்றுபோனதை ஒரு வரியிலாவது சொல்லியிருக்கலாம்.

பணம் வந்த காலத்திலும் நாங்கள் பட்ட பாட்டைச் சொல்லியாக வேண்டும். ஒருநாள் இரவு பதினோரு மணிக்கு, மூச்சுத் திணறிக்கொண்டிருந்த ஒருவரை ஊருக்கு வெளியே இருந்த தோட்டத்து வீட்டிலிருந்து ஆட்டோவில் ஏற்றி மருத்துவமனைக்குக் கொண்டுபோனேன். ஆட்டோக் கட்டணம் முந்நூற்று நாற்பது ரூபாய். எங்களுக்கு நிதி தந்த ஓர் அமைப்பின் தணிக்கையாளர் ரசீது இல்லையென்று அந்த வவுச்சரைத் தள்ளிவிட்டார். மூன்றாம் நாள் அந்த நோயாளி இறந்தார். உடன்பிறந்தவர்கள் உடலைத் தொட மறுத்துவிட்டார்கள். கோடித்துணி, மாலை, வண்டி வாடகை, சுடுகாட்டில் வெட்டியாருக்குக் கொடுத்தது எல்லாவற்றையும் நாங்கள் நான்கு பேர் கையிலிருந்து போட்டோம். திட்ட அறிக்கையில் எத்தனை பேருக்குப் பரிசோதனை, எத்தனை பேருக்கு ஆலோசனை, எத்தனை ஆணுறை என்று கேட்டு நிரலாகக் கட்டங்கள் இருக்கும். இறந்தவரைத் தூக்கிப் போட்டதை எழுத அதில் ஒரு கட்டமும் கிடையாது. தவணை ஆறு மாதம் தாமதமாக வந்த ஆண்டுகளில் சம்பளம் இல்லாமலே வீடு வீடாகப் போயிருக்கிறோம். மருந்தை விட்டவரிடம் போய், பணம் வரட்டும், பிறகு வருகிறேன் என்று சொல்ல முடியாது.

பத்திரிகைகள் மீதும் எனக்கு மனத்தாங்கல் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நாளிதழ், பெற்றோரை இழந்த ஒரு சிறுமியைப் பற்றிப் பரிவோடுதான் எழுதியது. பெயரை மாற்றியவர்கள் தெருவை மாற்றவில்லை. ஒரே வாரத்தில் பள்ளியில் அவள் பக்கத்தில் உட்காரப் பிள்ளைகள் இல்லை. வேறு ஊரில் அவளைச் சேர்த்து, புதிய சீருடையும் விடுதிக் கட்டணமும் கட்டியது எங்கள் சங்கம். அந்தச் செலவுக்கும் எந்தத் திட்டத்திலும் தலைப்பு இல்லை. சம்மதமின்றி ஒருவரின் எச்.ஐ.வி. நிலையை வெளியிடக் கூடாது என்ற 2017-ஆம் ஆண்டுச் சட்டம் 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் இருப்பதைத் தங்கள் செய்தியாளர்களுக்கு நினைவூட்டுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இன்று எங்கள் சங்கத்துக்கு வாடகை அறை இல்லை. பதிவேடுகள் என் வீட்டு இரும்புப் பெட்டியில் இருக்கின்றன. புதிதாகத் தொற்று தெரிந்தவர்களை கூட்டு மருந்து தரும் ஏ.ஆர்.டி. மையத்து மரத்தடியில் சந்திக்கிறோம். சென்ற செவ்வாய்க்கிழமையும் ஒரு பெண் கைக்குழந்தையோடு வந்தாள்.

அந்த ஒரு வரிக்கு மட்டும் திருத்தம் வெளியிட்டு, அதன் அடியில் 1097 என்ற இலவச உதவி எண்ணையும் அச்சிட்டால் நன்றியுடையவளாவேன். இக்கடிதத்தை வெளியிட்டால் என் பெயரையும் ஊரையும் தவிர்க்க வேண்டுகிறேன். மகளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
நாமக்கல் மாவட்டம்