லெவல் ஏறுகிறது, திறன் ஏறவில்லை: விளையாட்டு வடிவமைப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

நாங்கள் ஆடும் இணைய விளையாட்டின் வடிவமைப்புக் குழுவினருக்கு,

வணக்கம். வேலூர், காட்பாடி, ஆற்காடு ஆகிய ஊர்களிலிருந்து இரவு பத்து மணிக்கு மேல் ஒன்றுகூடும் பதினொரு பேர் கொண்ட கில்டின் (சேர்ந்து ஆடும் குழுவின்) சார்பில் இதை எழுதுகிறேன். எங்களில் பாதிப் பேருக்கு ஆம்பூர், இராணிப்பேட்டைப் பக்கம் ஷூ கம்பெனிகளில் வேலை. சனிக்கிழமையும் வேலை நாள்தான். ஆகவே நீங்கள் அவ்வப்போது போனஸாகத் தரும் இரட்டை எக்ஸ்பி (லெவலை ஏற்றும் அனுபவப் புள்ளி இருமடங்காவது) எங்களுக்குப் பேருதவி என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். எங்கள் மனக்குறையெல்லாம், அது, திறன்களை வளர்க்கத் தேவையான திறன் புள்ளிகளைப் பின்னால் விட்டுவிட்டு ஓடுகிறதே என்பதுதான்.

என் அக்கா மகனின் கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். முப்பதாம் லெவலிலிருந்து நாற்பதுக்குப் போக வழக்கமான நாட்களில் ஏறத்தாழ 2,000 அரக்கர்களை வீழ்த்த வேண்டும். இருபதுக்கு ஒன்று வீதம் 100 திறன் புள்ளிகள் சேரும். போனஸ் நாட்களில் அவன் 1,000 அரக்கர்களோடு நாற்பதைத் தொட்டுவிட்டான், கையில் இருந்ததோ 50 புள்ளி. குணப்படுத்தும் திறனின் நான்காம் படிக்கு 80 வேண்டும். திரும்பிப் போய்ச் சேர்க்கலாம் என்றால், தாழ்ந்த லெவல் அரக்கர்கள் இப்போது அவனுக்குப் புள்ளியே தருவதில்லை. தன் லெவல் அரக்கர்கள் முன்போ அந்தத் திறன் இல்லாமல் நிற்கவே முடியவில்லை. அவனை நம்பிக் குகைக்குள் போன நால்வரும் மூன்றே நிமிடத்தில் விழுந்தோம். "சாரி மாமா" என்று மைக்கில் முனகினான்.

எக்ஸ்பி, திறன் புள்ளி இரண்டையும் இரட்டிப்பாக்கிவிட்டால் தீர்ந்தது என்று எங்களுக்குள்ளேயே சிலர் சொன்னார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. லெவலுக்கு உச்சவரம்பு உண்டு, திறன் புள்ளிக்கு இல்லை; உச்சத்தில் உட்கார்ந்திருக்கும் பழையவர்களே அந்த நாட்களில் அள்ளிக்கொண்டு போவார்கள். ஈவ் ஆன்லைன் என்ற இணைய விளையாட்டில் 2016-இல், திறன் புள்ளிகளை ஏற்றிக்கொள்ள உதவும் ஸ்கில் இன்ஜெக்டர் என்ற பொருள் வந்தபோது, 50 லட்சத்துக்கும் குறைவான புள்ளி உள்ளவருக்கு ஒன்று 5 லட்சம் தந்தது. 8 கோடியைத் தாண்டியவருக்கு ஒன்றரை லட்சம்தான். காசு புழங்கும் அந்த ஏற்பாட்டை நான் கேட்கவில்லை, அந்த இறங்குமுகக் கணக்கை மட்டும் கேட்கிறேன்.

அடுத்தது கடிகாரம். சென்ற மாதம் ஒரு மணி நேரத்துக்கு போனஸ் தரும் சுருளை ஆட்டத்தில் திறந்த பத்தாவது நிமிடம் கரண்ட் போனது. மோடம் மீண்டும் கண்சிமிட்டியபோது சுருள் தீர்ந்திருந்தது. வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்ட் என்ற இணைய விளையாட்டு 2004-இல் வெளிவருமுன், நெடுநேரம் ஆடினால் எக்ஸ்பி குறையும் என்று சோதித்துப் பார்த்தார்கள், ஆடியவர்களுக்குப் பிடிக்கவில்லை. ஓய்வெடுத்து வந்தவருக்கு இருமடங்கு என்று திருப்பிப் போட்டதும் அதையே விரும்பி ஏற்றார்கள். அந்த ஓய்வு போனஸ் ஒரு சேமிப்பு; நேரம் ஓட ஓடக் கரையாமல், ஆடிப் பெறும் எக்ஸ்பியோடு மட்டுமே கரையும். ஷிப்டு முடித்து வருகிறவனுக்கும் கரண்ட் போகும் ஊர்க்காரனுக்கும் அதுதான் பொருந்தும்.

போனஸைச் சேமிப்பாக மாற்றுங்கள். அதிலிருந்து செலவாகும் ஒவ்வொரு எக்ஸ்பிக்கும் ஈடான திறன் புள்ளியை, புதியவருக்கு முழுமையாகவும் பழையவருக்குப் படிப்படியாகக் குறைத்தும் கொடுங்கள். ஏற்கெனவே சிக்கிக்கொண்டவர்கள் எத்தனை அரக்கர்களை வீழ்த்தினார்கள் என்ற பதிவு உங்கள் சர்வரில் இருக்கும். அடுத்த போனஸை அறிவிக்குமுன் அவர்களுக்கு விடுபட்ட புள்ளிகளைச் சேர்த்துவிடுங்கள். எங்கள் பையனுக்கு ஐம்பது.

இப்படிக்கு,
கில்டின் சார்பில்,
காட்பாடியிலிருந்து ஒரு ஆட்டக்காரன்